பொம்மையாகத் தெரியும் மாடல் எஞ்சின்: 87-ஆல் பெருக்கிப் பார்க்கும் வைத்தியம்

என் மேசையில் நிற்பது இந்திய ரயில்வேயின் டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சினின் மாடல்; எச்ஓ அளவு, அதாவது நிஜ வண்டியில் 87-ல் ஒரு பங்கு. நிஜ லோகோ, முன்னும் பின்னும் மோதல் தாங்கும் பஃபருக்குப் பஃபர் 17.12 மீட்டர், இது 197 மில்லிமீட்டர். பாடி 3டி பிரின்டரில் எடுத்த ரெசின். அடியில் இருப்பது அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் ஆர்எஸ்டி வகை எஞ்சின் மாடல் ஒன்றிலிருந்து கழற்றிய சேசிஸ், அதாவது மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிப்பகுதி. அந்தச் சேசிஸைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. டபிள்யூடிஎம்-2-வும் ஆல்கோ வீட்டுப் பிள்ளைதான். முதல் வண்டிகள் 1962-ல் அங்கிருந்து வந்தன, 1964 முதல் வாரணாசியில் செய்தார்கள். இரண்டுக்கும் ஒரே ஜாடையில் போகி, அதாவது சக்கரங்களைத் தாங்கும் வண்டிச்சட்டம்: மூன்று அச்சுகள், ஆனால் இடைவெளி சமமாக இருக்காது. சம இடைவெளிப் போகி மேல் இந்தப் பாடியை உட்கார வைத்தால் என்ன பெயின்ட் அடித்தாலும் எடுபடாது.

இந்த ஒரு வண்டிக்கு எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதில் பாதி, தப்பான இடத்தில் வைத்தியம் பார்த்ததில் போயிற்று. எண்ணும் எழுத்தும் ஒட்டும் மெல்லிய படலமான டீகால் மினுக்கினால் டீகாலைத் திட்டினேன். கோளாறு அதற்கு அடியிலிருந்த பெயின்டில். வண்டி நின்றுபோனால் மோட்டாரைப் பிரித்தேன். கோளாறு நான் மாட்டிய கைப்பிடிக் கம்பியில். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும், கண்ணில் படும் இடத்தை விட்டு ஒரு படி பின்னால் போய்த்தான் தேடியிருக்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் இரண்டு சோதனை. ஒன்று, போன் கேமராவைத் தண்டவாளத்தோடு தண்டவாளமாக, 2 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். எச்ஓ உலகத்தில் பிளாட்பாரம் இல்லாத இடத்தில் நிற்கும் ஆளின் கண் அந்த உயரத்தில்தான் இருக்கும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நிறத்தில் மயங்காமல் தடிமன், இடைவெளி, பளபளப்பு மூன்றும் அப்பட்டமாகத் தெரியும். இரண்டாவது, சந்தேகமான எதையும் வெர்னியரில் அளந்து 87-ஆல் பெருக்குங்கள். வரும் விடையே நோயின் பெயரைச் சொல்லிவிடும்.

பெயின்ட் எல்லாம் ஆயிற்று, ஆனாலும் பொம்மைதான்

பத்துக்கு எட்டுத் தடவை குற்றவாளி கைப்பிடிக் கம்பிகள். பாடியோடு சேர்த்தே வார்த்த கைப்பிடி 1 மி.மீ. தடிமன் இருந்தால், நிஜத்தில் அது 87 மி.மீ. தண்ணீர் பாட்டிலை விடப் பருமன். அதைப் பிடித்துக்கொண்டு எந்த லோகோ பைலட் ஏறுவார்? செதுக்கி எடுத்துவிட்டு 0.4 மி.மீ. பித்தளைக் கம்பி போடுங்கள். அது 35 மி.மீ. ஆகிறது, நிஜக் குழாய்க்கு அருகில் வந்துவிடும். கிடார் கம்பியும் போட்டுப் பார்த்தேன். நேராக நிற்கும்போது அழகுதான், ஆனால் எஃகு என்பதால் வளைக்க அடம்பிடிக்கும், நம் கடற்கரைக் காற்றில் துருவும் பிடிக்கும். பித்தளையே நல்லது.

துளை போடும்போது 0.4 மி.மீ. பிட் உடைந்துகொண்டே இருக்கிறது என்றால், நீங்கள் அழுத்துகிறீர்கள். முதலில் தையல் ஊசி முனையால் ஒரு குழி. அப்புறம் பின்வைஸ் என்ற கைத்துளைப்பிடியில் பிட்டை முனை மட்டும் கொஞ்சம் நீட்டியபடி மாட்டி, விரலால் உருட்டுங்கள். பிட்டின் எடையே போதும். எல்லாக் கைப்பிடியும் ஒரே அளவில் வளைய வேண்டுமா? ஒரு பழைய ஏடிஎம் கார்டு ஓரத்தில் சரியான அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டிக்கொண்டு, அதன் மேல் கம்பியை மடியுங்கள். ஒன்று கோணினால் கண் நேராக அதற்குத்தான் போகும்.

கம்பி சரியாக இருந்தும் பொம்மை போலவே இருந்தால், அடுத்து சக்கரம். புது நிக்கல் சக்கரம் மின்னிக்கொண்டு ஓடும்போது கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது. முகப்பில் மட்டும் சாம்பல் கலந்த அடர் பழுப்பு. தண்டவாளத்தில் உருளும் பரப்பிலும், சக்கரத்தின் பின்பக்கத்திலும் ஒரு சொட்டும் படக்கூடாது. பின்பக்கம் ஏன் என்பது பின்னால் வருகிறது.

மூன்றாவது நிறம். நிஜ வண்டியின் நிறக்குறியை அப்படியே கலந்து அடித்தால் சின்ன மாடலில் அது அழுத்தமாகத் தெரியும். பாடி நிறத்தில் கொஞ்சம் வெளிர் சாம்பல் கலந்துகொள்ளுங்கள். கறுப்பு என்று எழுதிய புட்டியை அப்படியே எங்கும் பயன்படுத்தாதீர்கள். அடர் சாம்பல்தான் தூரத்தில் கறுப்பாகத் தெரியும்.

பாடி முழுக்க மெல்லிய கோடுகள்

ரெசின் பிரின்ட் வாங்கியவர்களின் புலம்பல். பிரின்டர் 0.05 மி.மீ. அடுக்காக எடுத்திருந்தால், 87-ஆல் பெருக்க ஒவ்வொரு படியும் 4 மி.மீ.க்கு மேல். நிஜ லோகோவின் தகட்டில் அப்படி வரி வரியாகப் படிக்கட்டு இருக்காது. பெயின்ட் மூடிவிடும் என்று நம்பினால் மோசம் போவீர்கள். பெயின்ட் கோட்டை எடுத்துக் காட்டும்.

சமதளங்களில் பள்ளம் நிரப்பும் அடிப்பூச்சான ஃபில்லர் பிரைமர் அடித்து, 600 நம்பரில் ஆரம்பித்து 1000 வரை தண்ணீர்த்தாளில் ஈரமாகத் தேயுங்கள். ரெசின் தூள் மூச்சுக்குள் போகக்கூடாத சங்கதி. ஈரத் தேய்ப்பும் மாஸ்க்கும் இரண்டுமே வேண்டும். ரேடியேட்டர் ஷட்டர், எஞ்சின் அறைக் கதவுகளின் கீல் பக்கம் மட்டும் தேய்க்காதீர்கள். அங்கே கோடு இருந்தால் இருக்கட்டும். கீலைத் தேய்த்துத் தொலைத்துவிட்டு அதைத் திரும்பச் செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பெயின்ட் அடித்து மூன்று நாள் ஆகியும் விரல் ஒட்டுகிறதா? பெயின்ட் மேல் பழி போடாதீர்கள். ரெசின் சரியாகக் கழுவப்படவில்லை, அல்லது யுவி ஒளியில் வேகவில்லை. எல்லாவற்றையும் உரித்துவிட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவி, காயவிட்டு, யுவியில் திருப்பித் திருப்பி வைத்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். அதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

பெயின்ட் சொரசொரப்பாக இருக்கிறது, அல்லது வெளுத்துப் போகிறது

இரண்டும் நம் ஊர் வெயிலும் ஈரமும் செய்கிற வேலை. ஆனால் காரணம் ஒன்றுக்கொன்று நேர் எதிர், மருந்தும் எதிர்.

சொரசொரப்பு, அதாவது மணல் தூவியது போல் இருந்தால், அக்ரிலிக் துளிகள் ஏர்பிரஷிலிருந்து பாடிக்கு வரும் வழியிலேயே காய்ந்துவிட்டன. சித்திரை வைகாசி மதியத்தில் அடித்தால் இதுதான் கதை. பெயின்டை இன்னும் நீர்க்க, பால் பதத்துக்குக் கலக்குங்கள். காய்வதைத் தள்ளிப்போடும் ரிட்டார்டர் இரண்டு சொட்டு விடுங்கள். அழுத்தம் 15-லிருந்து 20 பிஎஸ்ஐக்குள். தூரம் ஒரு சாணுக்குக் குறைவாக. ஃபேனை நிறுத்துங்கள். இதில்தான் நான் அதிக நாள் ஏமாந்தேன்: சீலிங் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது, நானோ தின்னரை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்தேன்.

துளித்துளியாகத் தண்ணீர் தெறித்தால் கம்ப்ரஸருக்குள் ஈரம் சேர்ந்திருக்கிறது. ஈரம் பிடிக்கும் டிராப்பை ஏர்பிரஷ் பக்கமாக மாட்டுங்கள், டாங்கிலுள்ள நீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

வெளுப்பு வேறு கதை. ஸ்ப்ரே கேன் லாக்கரோ மேட் வார்னிஷோ அடித்த ஐந்து நிமிடத்தில், நீல லோகோ விபூதி பூசியது போல் ஆகிவிடும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர்வித்துவிடுகிறது. காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. நான் கடைசிக் கோட் அடித்தது ஐப்பசியில், மழை வருவதற்கு அரை மணி முன்னால். இரண்டு மாத வேலை கண் முன்னால் வெளுத்தது. எங்கள் வீட்டில் இப்போது ஒரு கணக்கு: சமையலறையில் உப்பு ஜாடி கசிந்து கட்டி தட்டியிருந்தால் அன்றைக்கு ஸ்ப்ரே கேனைத் தொடுவதில்லை.

வெளுத்துவிட்டதா, பதறித் துடைக்காதீர்கள். காய்ந்த நாள் ஒன்றில் அதே வார்னிஷை மெல்லிய, ஈரமான ஒரு கோட்டாக மேலே அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கேனைச் சரியாகக் குலுக்காததாலும் மேட் வெளுக்கும், ஏனென்றால் மேட்டாக்கும் தூள் அடியில் தங்கிவிடுகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் கேனைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் விடாமல் குலுக்குங்கள். வெதுவெதுப்புதான், கொதிநீர் இல்லை. அடுப்புப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

பட்டையின் ஓரம் கசிகிறது, அல்லது டேப்போடு பெயின்ட் வருகிறது

என் லோகோ நீலம், இடுப்பில் கிரீம் பட்டை. முதல் தடவை டேப்பை எடுத்ததும் கிரீமின் ஓரம் ரம்பப் பல் மாதிரி இருந்தது. டேப் ஒட்டியவுடன், அதன் ஓரத்தை முதலில் அடியிலிருக்கும் நிறத்தாலேயே ஒருமுறை லேசாக அடித்து அடைத்துவிட வேண்டும். கசிந்தால் அதே நிறம்தான் கசியும், யாருக்கும் தெரியாது. அப்புறம் மேல் நிறம். டேப்பை அதன் மேலேயே மடித்து, பரப்போடு படுக்க வைத்து, மெதுவாக இழுங்கள், செங்குத்தாகத் தூக்காதீர்கள்.

டேப்போடு பெயின்ட் உரிந்து வந்தால் கதை பிரைமரில் இருக்கிறது. பாடியில் கைரேகை எண்ணெய் இருந்திருக்கும். பித்தளைக் கம்பிகளில் இது இன்னும் மோசம். சாதா பிரைமர் பித்தளையில் நிற்காது. கம்பியைத் தாளால் உரசி, எண்ணெய் நீக்கி, உலோகத்துக்கென்று விற்கும் பிரைமரை அடியுங்கள். இல்லையென்றால் வண்டியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு செதில் உதிரும்.

எண்ணைச் சுற்றி வெள்ளிப் படலம்

ஐந்து இலக்க எண்ணை ஒட்டினீர்கள். விளக்கைச் சாய்த்தால் எண்ணைச் சுற்றி ஒரு செவ்வகம் மினுக்குகிறது. டீகால் ஃபிலிமுக்கு அடியில் காற்று சிக்கியிருக்கிறது. மேட் பெயின்ட் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் பூதக்கண்ணாடியில் மேடும் பள்ளமும்தான். ஃபிலிம் மேடுகளின் மேல் மட்டும் தங்கிவிடுகிறது. ஆகவே டீகாலுக்கு முன் கண்டிப்பாக ஒரு கிளாஸ் கோட். ஒட்டும் இடத்தில் டீகால் பிடிக்க உதவும் மைக்ரோ செட் திரவம் ஒரு தீற்றல், அதன் மேல் டீகால், ஈரத்தை ஒற்றி எடுத்தபின் மேலே டீகாலை இளக்கும் மைக்ரோ சால். மைக்ரோ சால் பட்டதும் டீகால் சுருங்கி நெளிந்து கோரமாகும். அந்த நேரத்தில் கையை வைத்தவர் கெட்டார். எழுந்து போய்க் காபி போட்டுவிட்டு வாருங்கள். காயும்போது அதுவே இழுத்துக்கொண்டு ரிவெட் மேலெல்லாம் படிந்துவிடும்.

ஏற்கெனவே மினுக்கிக்கொண்டிருக்கும் டீகாலை உரிக்க வேண்டாம். ஊசி முனையால் மினுக்கும் இடத்தில் நாலைந்து குத்து குத்தி, மறுபடி மைக்ரோ சால் விடுங்கள். இரண்டு மூன்று தடவையில் முக்கால்வாசி அடங்கிவிடும்.

வீட்டு இங்க்ஜெட்டில் வெள்ளை எண் அச்சடிக்க முயன்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கு: அந்தப் பிரின்டரில் வெள்ளை மையே கிடையாது. வெள்ளை அச்சிடும் இடத்தில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

எண்ணைப் பற்றி இன்னொன்று. மனம்போன எண்ணைப் போடாதீர்கள். 2600 குதிரைசக்தி டபிள்யூடிஎம்-2 பலவற்றை 3100 குதிரைசக்தி டபிள்யூடிஎம்-3ஏ-வாக மாற்றியிருக்கிறார்கள். ஜம்போ என்று பெயர் பெற்றவற்றின் ஷார்ட் ஹூட்டே, அதாவது கேபின் பக்கத்துக் குட்டை மூக்கே, வேறு தினுசு. ஒரு குறிப்பிட்ட வண்டியின், ஒரு குறிப்பிட்ட வருடத்துப் படத்தை வைத்துக்கொண்டு, அந்த எண்ணையும், அதைப் பராமரித்த ஷெட்டின் பெயரையும் மட்டும் போடுங்கள். ஈரோடா பொன்மலையா என்று ரயில் தெரிந்தவர்கள் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஜன்னல் கண்ணாடி மூடுபனி போல் ஆகிவிட்டது

சூப்பர் குளூவின் ஆவி. ஜன்னலுக்கு அந்தப் பசையே ஆகாது. தெளிவாகக் காயும் வெள்ளைப் பசை போதும். கைப்பிடி ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தால் அதன் மேல் வார்னிஷ் அடிக்க மறைந்துவிடும், கவலை வேண்டாம்.

விளக்கு போட்டால் பாடியே ஒளிர்கிறது

ஹெட்லைட் எரிய, கூடவே மொத்த ஷார்ட் ஹூட்டும் கார்த்திகைக் கூடு மாதிரி சிவக்கிறதா? பாடியின் உள்பக்கம் கறுப்பு அடிக்கவில்லை. எல்இடியைச் சுற்றி மட்டும் அடித்தால் போதாது. கேபின் ஓரம் வரை அடியுங்கள், எல்இடியின் பக்கங்களையும் மூடுங்கள்.

வெளிச்சம் நீலமாக, புது பைக் மாதிரி இருந்தால் எல்இடியை வார்ம் ஒயிட்டாக மாற்றுங்கள். பழைய ஆல்கோவின் விளக்கு மஞ்சள் குண்டு பல்பு. அப்படியும் கண்ணைக் குத்தினால் ரெசிஸ்டர். 12 வோல்ட்டில் 1 கிலோ ஓம் போட்டால் 9 மில்லிஆம்பியர் வரை ஓடும், அதுவே அதிகம். 2.2 கிலோ ஓம் போட்டுப் பாருங்கள், பழைய கால வெளிச்சம் கிடைக்கும். டிசிசி, அதாவது டிஜிட்டல் கன்ட்ரோல், வைத்திருந்தால் நீல ஒயர் பொதுவான பாசிட்டிவ், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு. எல்இடியின் நீளக் கால் நீலத்துக்கு. ரெசிஸ்டர் இல்லாமல் ஒரு நொடி சோதிக்கலாமே என்று தோன்றும். தோன்றினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பாடி இல்லாமல் ஓடுகிறது, பாடியை மூடினால் நிற்கிறது

இந்த அறிகுறிக்கு நான் கொடுத்த விலை ஒரு டீகோடர், அதாவது வண்டிக்குள் உட்காரும் டிசிசி சர்க்யூட். பாடி இல்லாமல் மேசையை நாலு சுற்று வந்தது. பாடியை மாட்டி கன்ட்ரோலைத் திருகினேன். ஒரு சின்ன டிக் சத்தம். அப்புறம் ரேடியேட்டர் ஃபேன் வழியாக இழை போல் ஒரு புகை. ஆல்கோவுக்குக் கரும்புகைதான் அழகு என்று சிரிக்கும் நிலையில் அப்போது நான் இல்லை. கழற்றிப் பார்த்தால், ஆசையாக மாட்டிய பித்தளைக் கைப்பிடிகளின் முனைகள் பாடிக்குள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதில் ஒன்று டீகோடரின் மேல் நேராகக் குத்தியிருக்கிறது.

உள்ளே நீட்டும் ஒவ்வொரு முனையையும் பக்கக் கட்டரால் மட்டமாக வெட்டுங்கள். மேலே மின்சாரம் கடத்தாத கேப்டன் டேப் ஒட்டுங்கள். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, ஒவ்வொரு கைப்பிடிக்கும் சேசிஸுக்கும் இடையே தொட்டுப் பாருங்கள். பீப் கேட்டால் மூடாதீர்கள். பீப் இல்லை, ஆனாலும் நிற்கிறது என்றால் பாடி ஏதாவது ஒயரை மோட்டாரின் ஃப்ளைவீல் மேல் அழுத்துகிறது. ஒயர்களைப் பக்கவாட்டில் ஒட்டி ஒதுக்குங்கள்.

வண்டி விக்கி விக்கி ஓடுகிறது, தடம் பிரியும் பாயின்ட் மேல் நிற்கிறது

டீட்டெயில் வேலைக்கு முன் வெண்ணெய் போல் ஓடிய வண்டி பெயின்டுக்குப் பின் விக்குகிறது என்றால், காரணம் பெயின்ட்தான். சக்கரத்தின் பின்பக்கத்தில் உரசிக்கொண்டுதான் கரன்ட் எடுக்கும் தகடு இருக்கிறது. ஏர்பிரஷின் தூசிப் பெயின்ட் அங்கே போய்ப் படிந்தால் கண்ணுக்கே தெரியாது.

ஒரு டிஷ்யூத் தாளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே போடுங்கள். ஒரு போகி தாளின் மேல், மறுபோகி வெறும் தண்டவாளத்தில். வண்டியைக் கையால் பிடித்துக்கொண்டு கரன்ட் கொடுங்கள். தாளின் மேல் சக்கரங்கள் சுழன்று இரண்டு கறுப்புக் கோடு போடும். தாளை நகர்த்தி, கோடு மங்கும் வரை செய்யுங்கள். பிறகு வண்டியைத் திருப்பி மறுபோகி. பின்பக்கத்துக்குக் காது குடையும் பஞ்சுக்குச்சி. ஆல்கஹால் பாடியில் படக்கூடாது, அக்ரிலிக்கைக் கரைத்துவிடும்.

சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லையா? ரெசின் பாடி மிக லேசு. பழைய பாடியோடு அதிலிருந்த எடையும் போயிருக்கும். டயர் கடையில் வீல் பாலன்சிங்குக்கு ஒட்டும் 5 கிராம் எடைகள் இதற்கென்றே செய்தது போல் பொருந்தும். இரண்டு போகிகளுக்கும் சம பாரம் விழும்படி ஒட்டுங்கள். எதுவரை ஏற்றலாம்? முன்னால் விரலை வைத்து முழு வேகம் கொடுத்தால் சக்கரம் வழுக்க வேண்டும். வழுக்காமல் மோட்டார் முனகி நின்றால் எடை அதிகம், உடனே குறையுங்கள்.

வளைவில் மட்டும் தடம் புரண்டால் நீங்கள் மாட்டிய புதுச் சாமான் ஏதோ போகியில் இடிக்கிறது: பிரேக் ஹோஸ், படிக்கட்டு, அல்லது முன்னால் மாட்டை ஒதுக்கும் தகடான கவ்கேச்சர். எது என்று கண்டுபிடிக்க வீட்டிலிருக்கும் கண்மையை எடுங்கள். சந்தேகமான பாகங்களின் உள்விளிம்பில் தீற்றிவிட்டு, வண்டியைக் கையால் தள்ளி வளைவைச் சுற்ற வையுங்கள். போகியில் எங்கே மை ஒட்டியிருக்கிறதோ அதற்கு எதிரில் இருப்பதுதான் ஆள். 457 மி.மீ. ஆர வளைவில், ஆறு அச்சு லோகோவுக்கு அழகான கவ்கேச்சரும் நல்ல ஓட்டமும் இரண்டும் சேர்ந்து கிடைப்பது கஷ்டம். நான் கவ்கேச்சரின் பின்பக்கத்தை வெளியே தெரியாமல் அரைவட்டமாகச் சுரண்டிவிட்டேன்.

அழுக்கு ஏற்றினேன், குப்பைத் தொட்டி மாதிரி ஆகிவிட்டது

எல்லோரும் ஆசையோடு வருவது இந்த இடத்துக்குத்தான், எல்லோரும் கெடுப்பதும் இங்கேதான். துரு அள்ளி அப்புகிறார்கள். ஓட்டத்தில் இருக்கும் டீசல் லோகோ துருப்பிடித்த இரும்புக் கடை கிடையாது. ஒவ்வொரு அழுக்குக்கும் ஒரு ஊர் உண்டு. போகியிலும் அடிச்சட்டத்திலும் பழுப்புத் தூள், பிரேக் கட்டை தேய்ந்து பறந்தது. கூரையில் கரி: எஞ்சின் வேகப்படியான நாட்ச் ஏற்றும்போது டர்போ சுதாரித்துச் சுழல்வதற்குள் கக்குகிற கரும்புகை, புகைபோக்கியைச் சுற்றி அடர்ந்து, தள்ளிப் போகப் போக மங்கும். எரிபொருள் டாங்கின் வாய்க்குக் கீழே வழிந்த டீசல், மேட்டாக இல்லாமல் ஈரமாக மினுக்க வேண்டும். கதவு விளிம்புகளிலிருந்து மழைநீர் செங்குத்தாக இழுத்த கோடுகள். படிக்கட்டின் நடுவில் கால் பட்டுத் தேய்ந்த உலோகம்.

அதிகமாகிவிட்டால் மீட்க முடிவது ஆயில் பெயின்ட் வாஷ்தான். அக்ரிலிக் பாடியின் மேல் சாட்டின் வார்னிஷ், அதன் மேல் டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த ஆயில் பெயின்ட். பிடிக்கவில்லையா, டர்பன்டைன் தொட்ட சுத்தமான பிரஷால் மேலிருந்து கீழே இழுத்தால் போய்விடும். வாஷ் காய்ந்த இடத்தில் காபி டம்ளர் வைத்தது போல் வளையம் தெரிந்தால், அடியில் வார்னிஷ் இல்லாமல் மேட் பெயின்ட் மேலேயே விட்டிருக்கிறீர்கள்.

கரிக்கு ஸ்டேஷனரிக் கடை சாஃப்ட் பேஸ்டலைத் தாளில் உரசித் தூளாக்கிக்கொள்ளுங்கள். அகல் விளக்குக் கரியும் முயன்றேன்; நிறம் அபாரம், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு, தொட்டால் கையோடு வருகிறது. தூளைப் பூசி மேட் வார்னிஷ் அடித்ததும் எல்லாம் மாயமாகிவிட்டது என்பது வழக்கமான புகார். வார்னிஷ் பாதியை விழுங்கும். அதனால் கொஞ்சம் தூக்கலாகப் பூசி, தூரத்திலிருந்து மெல்லிசாக அடித்து, தேவையான இடத்தில் மறுபடி பூசுங்கள். கடைசிப் பூச்சை வார்னிஷ் இல்லாமல் விட்டுவிட்டு, வண்டியை அந்தப் பக்கம் தொடாமல் இருப்பது இன்னும் உத்தமம்.

எல்லாம் சரி, முன்னால் நின்று பார்த்தால் ஏதோ இடிக்கிறது

இடிப்பது உங்கள் கண் இல்லை, கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களின் இடைவெளி. இந்திய அகலப்பாதை 1676 மி.மீ.; 87-ஆல் வகுத்தால் 19.3 வர வேண்டும். எச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ., வெளிநாட்டு ஸ்டாண்டர்டு கேஜுக்கு ஆனது. நிஜ அளவில் கால் மீட்டர் குறைகிறது. அகலமான உடம்பு, ஒடுங்கிய கால். சக்கரத்தை அகலப்படுத்தினால் தண்டவாளம், பாயின்ட் எல்லாவற்றையும் கையால் போட வேண்டும். மீட்டர் கேஜ் எஞ்சினான ஒய்டிஎம்-4 செய்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள், அவர்களுக்கு 11.5 வேண்டும், சந்தையில் 12 மி.மீ. எச்ஓஎம் தண்டவாளம் கிடைக்கிறது.

எனக்கு மறைக்கத்தான் முடிந்தது. போகியின் பக்கச் சட்டங்களை இருபுறமும் 1 மி.மீ. வெளியே தள்ளி ஒட்டினேன். அவற்றுக்குள்ளே தெரியும் சக்கரத்தையும் அச்சையும் கிட்டத்தட்டக் கறுப்பாக்கினேன். பஃபர் பீமுக்குக் கீழே ஹோஸ்களும் கவ்கேச்சரும் நெருக்கமாகத் தொங்குவதால் முன்பக்கம் பாதி மூடிவிடுகிறது. மீதிப் பாதிக்கு ஒரே வழிதான். வண்டியைச் சாய்கோணத்தில் நிறுத்திப் படம் எடுக்கிறேன், நேர் முன்னாலிருந்து எடுப்பதில்லை.